மணல் இறங்கி முடியும் வரை

மூன்று வயசுப் பிள்ளையிடம் ‘கொஞ்சம் பொறு’ என்றால் அதற்கு ஒன்றும் விளங்காது. கொஞ்சம் என்றால் எவ்வளவு? கண்ணுக்குத் தெரியாத நேரம் அந்த வயசுக்குப் பிடிபடாது. பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து அங்கன்வாடிகளில் மணலுக்கா பஞ்சம்? அதை வைத்தே மணல் கடிகாரம் செய்து நேரத்தைக் காட்டிவிடலாம்.

அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்து, மூடிகளை முதுகோடு முதுகு ஒட்டி, பழுக்கக் காய்ச்சிய ஆணியால் நடுவில் ஓர் ஓட்டை. கரை மணலை அப்படியே அள்ளிப் போட்டால் வேலைக்கு ஆகாது. அதிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மணல் கட்டிதட்டி ஓட்டையை அடைத்துவிடும். நல்ல தண்ணீரில் மூன்று தடவை அலசி, வெயிலில் காயவைத்து, மாவுச் சல்லடையில் சலித்தால் சிப்பித் துண்டுகளும் போய்விடும். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, ஒரு நிமிடத்தில் இறங்கும் அளவுக்கு மணலைக் கூட்டியோ குறைத்தோ கொள்ள வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மறுபடி காயவைத்தே ஆக வேண்டும். பாதியில் நின்றுபோன மணலை வெறித்துப் பார்க்கும் பிள்ளைக்குப் பாட்டில் கெட்டுப்போனது தெரியாது. டீச்சர் சொன்னது பொய் என்பதுதான் தெரியும்.

மூன்று வயசுக்கு ஒரு நிமிடம் போதும். ஐந்து வயசுக்கும் ஆரம்பத்தில் மூன்று நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். மணல் இறங்கியதும் சொன்ன பொருள் கைக்கு வந்துவிட வேண்டும். அந்த நேரம் பார்த்துப் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டால் அடுத்த நாள் யார் காத்திருப்பார்கள்?

1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் தொடங்கிய சோதனையைப் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள்: இப்போதே என்றால் ஒரு தின்பண்டம், காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த பிள்ளைக்கு மனஉறுதி அதிகம் என்று பேச்சு பரவியது. 2013-இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் 28 பிள்ளைகளுக்கு முதலில் நல்ல வரைபொருள்கள் தருவதாகச் சொன்னார்கள். பாதிப் பேருக்குத் தந்தார்கள். மீதிப் பேரிடம் ‘தீர்ந்துபோச்சு’ என்று கைவிரித்தார்கள். அப்புறம் தின்பண்டத்தை வைத்தபோது, வாக்குக் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்தவர்கள் 3 நிமிடம். ‘இது பொறுமையில்லாத பிள்ளை’ என்று பெயர் சூட்டுமுன் அதனிடம் சொன்ன வார்த்தைகளில் எத்தனை பலித்தன என்று எண்ணிப் பார்க்கலாம்.

இந்தக் கரையில் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுவது லேசில்லை. ‘அப்பா எப்ப வருவாக?’ என்று கேட்கும் பிள்ளையிடம் ‘காலையில வந்துருவாக’ என்று ஆறுதலுக்குச் சொல்லிவிடுகிறோம். காற்று மாறினால் அந்த வார்த்தை கவிழ்ந்துவிடும். ‘காத்து நல்லா இருந்தா காலையில வருவாக. நீ சாப்பிட்டு முடிச்சதும் உங்க அம்மா வந்துரும்’ என்றால் பாதி கடலின் கையில், பாதி நம் கையில். தன் செயலால் நடப்பது எது, வெளியிலிருந்து நடப்பது எது என்று மனிதர் வகுத்துக்கொள்வதைப் பற்றி உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் எழுதினார். எல்லாம் உன் கையில் என்று மீனவப் பிள்ளைக்குச் சொல்வது சரியாகாது. மீன்பாடு அப்பாவின் முயற்சியில் மட்டுமா இருக்கிறது? ஆனால் எந்த டம்ளரில் குடிப்பது என்பது அதன் கையில்தான்.

அதனால் ‘சிவப்பு டம்ளரா, நீல டம்ளரா?’ என்று கேட்கலாம். இரண்டில் எதைச் சொன்னாலும் ஒத்துக்கொள்ள முடிய வேண்டும். ‘கை கழுவுறியா?’ என்று கேட்டு, ‘மாட்டேன்’ என்றதும் இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கமான தப்பு. அது கேள்வியே இல்லை. ‘கை கழுவணும், குழாயிலயா, வாளியிலயா?’ என்பதே கேள்வி.

தன்னைத்தானே நிறுத்திப் பழகக் கல்லா மண்ணா விளையாட்டும் நல்ல பயிற்சி. மண் என்று கத்தினால் கல்லில் ஏறி நிற்பது வழக்கமான விதி. நன்றாகப் பழகியபின் ஒருநாள் விதியைத் திருப்பிவிட வேண்டும்: மண் என்று கத்தினால் மண்ணில் நிற்கணும். ஓடத் துடிக்கும் காலை மூளை பிடித்து நிறுத்தும் வேலை அங்கேதான். முதல் நாளே திருப்பினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பிள்ளையை அடக்க மிரட்டிக் கூப்பிடும் பூச்சாண்டியும் போலீஸ் மாமாவும் அவர்கள் பக்கத்தில் இருக்கும்வரைதான் உதவுவார்கள்.

சில வாரம் போனால் முட்டைத் தட்டின்முன் உட்கார்ந்து ‘மணல் வரட்டும், மணல் வரட்டும்’ என்று பிள்ளை தனக்குத்தானே முனகும். வெளியே பேசும் இந்தப் பேச்சுதான் பின்னால் உள்ளே போய் யோசனையாகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி. அந்த நேரத்தில் ‘வாயை மூடு’ என்று அதட்டக் கூடாது. சமையல் செய்யும் அக்காவிடமும் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது; முதல் அதட்டல் பெரும்பாலும் அடுப்படியிலிருந்துதான் வரும்.