முடிவெடுத்தபோது அறையில் யார் இருந்தார்கள்?

சர்வதேச சமூக இயக்கங்களின் கூட்டங்களில் குறிப்பெடுத்து அறிக்கை எழுதித் தருவது என் வேலை. பல ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறேன். எந்த நாட்டில் கூட்டம் நடந்தாலும், எந்தத் தலைப்பில் ஆரம்பித்தாலும், உலகெங்கும் உள்ள சமூக இயக்கங்கள் கூடிப் பேசும் உலக சமூக மாமன்றத்தை (World Social Forum) சேர்ந்தவர்கள் நாலு பேர் கூடிவிட்டால் பேச்சு ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும். மாமன்றம் எல்லோரும் வந்து சந்தித்துப் பேசும் வெளியாகவே தொடர வேண்டுமா, இல்லை தன் பெயரிலேயே நிலைப்பாடு எடுத்துக் களத்தில் இறங்க வேண்டுமா?

மாமன்றத்துக்கு என்ன வயதோ அதே வயதுதான் இந்தக் கேள்விக்கும். 2001 ஜனவரியில், சுவிட்சர்லாந்தின் டாவோஸில் அரசுத் தலைவர்களும் பெருநிறுவனத் தலைவர்களும் சந்திக்கும் உலகப் பொருளாதார மன்றம் கூடிய அதே நாட்களில், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரில் முதல் மாமன்றம் நடந்தது. நகராட்சியின் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை மக்களே கூடித் தீர்மானிக்கும் பங்கேற்பு பட்ஜெட் முறையை 1989 முதல் நடத்தி வந்த ஊர் அது. ‘மற்றொரு உலகம் சாத்தியமே’ என்ற முழக்கம் அங்கிருந்துதான் பரவியது. அதே ஆண்டு ஜூனில் கொள்கைச் சாசனம் ஏற்கப்பட்டது. மாமன்றத்தின் பெயரால் யாரும் முடிவெடுக்கக் கூடாது, வந்திருக்கும் எல்லோருடைய நிலைப்பாடும் இதுதான் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லை என்று அதன் ஆறாவது பிரிவு சொல்கிறது. கட்சிகளின் பிரதிநிதிகளுக்கும் இராணுவ அமைப்புகளுக்கும் அதில் இடம் கிடையாது.

மாமன்றத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான சிக்கோ விட்டேக்கர் இந்தப் பிரிவை விட்டுக்கொடுக்காமல் காத்து வந்தவர். மாமன்றம் உரிமையாளர் இல்லாத ஒரு சதுக்கம் என்பது அவருடைய பார்வை. தலைமை என்று ஒன்றை உண்டாக்கினால் அதைப் பிடிக்க அடிதடி வரும், அப்புறம் பிளவு வரும் என்று அந்தத் தரப்பினர் சொல்வார்கள். அவர்களிடம் வலுவான சான்றும் இருக்கிறது. 2003 பிப்ரவரி 15 அன்று ஈராக் போருக்கு எதிராக நூற்றுக்கணக்கான நகரங்களில் ஒரே நாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அதற்கான அழைப்பு 2002 நவம்பரில் ஃபிளாரன்ஸில் கூடிய ஐரோப்பிய சமூக மாமன்றத்திலிருந்து புறப்பட்டு, அடுத்த ஜனவரியில் போர்ட்டோ அலெக்ரே வழியாக உலகம் முழுக்கப் பரவியது. மாமன்றம் தன் பெயரில் எந்த ஆணையும் போடவில்லை. அங்கே சந்தித்த இயக்கங்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்தன. வெளி என்று ஒன்று இருந்ததால் அது நடந்தது.

எதிர்த்தரப்பு அதே நாளைக் காட்டித்தான் தன் வாதத்தை ஆரம்பிக்கும். அத்தனை லட்சம் பேர் நடந்தும் மார்ச் 20 அன்று போர் தொடங்கிவிட்டது. மறுநாள் என்ன செய்வது என்று சொல்ல ஓர் அமைப்பு இல்லை. இந்த ஆதங்கம் பொய்யில்லை. 2007-இல் பிலிப்பைன்ஸ் சமூகவியலாளர் வால்டன் பெல்லோ, மாமன்றம் தன் வரலாற்றுப் பணியை முடித்துவிட்டதா, புதிய வடிவங்களுக்கு வழிவிட வேண்டிய நேரமா என்று வெளிப்படையாகவே கேட்டார். அதற்கு முன்பே, 2005-இல், ஒன்றரை லட்சம் பேர் திரண்டிருந்த போர்ட்டோ அலெக்ரேயில், பெயர் பெற்ற 19 பேர் சேர்ந்து பன்னிரண்டு அம்சங்கள் கொண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டார்கள். எழுத்தாளர்கள் ஜோசே சரமாகோ, எடுவார்டோ கலியானோ, பொருளியலாளர் சமீர் அமீன் எல்லாம் அதில் கையெழுத்திட்டவர்கள். கடன் ரத்து, வரிப் புகலிடங்களை ஒழிப்பது, உணவு இறையாண்மை (தங்கள் உணவையும் விவசாயத்தையும் மக்களே தீர்மானிக்கும் உரிமை) என்று அதிலிருந்த கோரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நானும் ஆதரிக்கிறேன். ஆனால் அந்த 19 பேரில் பெண் ஒருவர்தான், மாலியைச் சேர்ந்த அமினாட்டா திராவோரே. மாமன்றத்துக்கு வந்த கூட்டத்தில் பாதிக்குப் பாதி பெண்கள் இருந்த காலம் அது. அறிக்கையில் என்ன இருக்கிறது என்ற பேச்சு சீக்கிரமே அடங்கிவிட்டது. யார், எங்கே உட்கார்ந்து, யாரைக் கேட்டு இதை எழுதினார்கள் என்ற கோபம்தான் நின்றது.

அந்தக் கோபம் நியாயமானது. வியூகம் பற்றிய விவாதத்தில் முதலில் தீர்க்க வேண்டியதும் அதுதான் என்று இந்த வேலையில் இருந்து பார்த்த பிறகு உறுதியாக நம்புகிறேன்.

ஒரு கூட்டத்தை மட்டும் சொல்கிறேன். வெளிநாட்டுக் கடன் பற்றிய கூட்டுப் பிரச்சாரத்துக்கு வரைவு தயாரிக்கும் கூட்டம். திரையில் வரைவு ஓடுகிறது. புதிதாகச் சேர்த்தவை மஞ்சளில், நீக்கச் சொன்னவை சிவப்பில். காலையில் ஒரு விவசாயிகள் சங்கத்திலிருந்து வந்திருந்த அம்மா ஸ்பானிஷில் பேசினார். அரசு கடனைக் கட்டுவதற்காக விதை மானியத்தை வெட்டியது, அதனால் பெண்கள் நகையை அடகு வைத்தது, நிலம் கணவர் பேரில் இருப்பதால் பெண்களுக்கு வங்கிக் கடன் கிடைக்காமல் போனது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அதிலிருந்து ஒரு வாக்கியம் வரைவில் ஏறியது: கடன் ரத்தால் மிச்சமாகும் பணத்தில் பெண் விவசாயிகளின் நில உரிமைக்கும் பங்கு வேண்டும். மஞ்சளில் இருந்த அந்த வாக்கியத்துக்கு அறை முழுக்கக் கைதட்டியது.

பேச்சை உடனுக்குடன் வேறு மொழியில் சொல்லும் உரைபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு கூண்டிலும் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, அரை மணிக்கு ஒருமுறை மாறி மாறிப் பேசுவார்கள். கடுமையான உழைப்பு, அதனால் நேரக் கட்டுப்பாடு உண்டு. அன்று மாலை ஆறு மணிக்கு அவர்கள் வேலை முடிந்தது. ஹெட்போன்களை ஒவ்வொரு மேசையாக வந்து பெட்டியில் சேகரித்துக்கொண்டு போனார்கள். வரைவு இன்னும் பாதியில் கிடந்தது. ஆங்கிலத்தில் தொடரலாமா என்று தலைமை தாங்கியவர் ஆங்கிலத்தில் கேட்டார். யாரும் மறுக்கவில்லை. மறுக்க வேண்டியவர்களுக்குக் கேள்வியே புரிந்திருக்காது. அந்த அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பிறகு எழுந்து போனார். இணையத்தில் கலந்துகொண்டவர்களும் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். அவர்களில் பலருக்கு அப்போது நள்ளிரவு.

பத்து மணிக்கு மேல் மிச்சம் இருந்தவர்கள் சம்பளத்துக்கு முழுநேரம் இந்த வேலை செய்பவர்கள், சரளமாக ஆங்கிலம் பேசுபவர்கள். நல்லவர்கள்தான், உழைப்பாளிகள்தான். வரைவு நீளமாக இருக்கிறது, ஒரு பக்கத்துக்குள் சுருக்க வேண்டும் என்றார்கள். நில உரிமை வாக்கியம் சிவப்பானது, அப்புறம் காணாமல் போனது. எதிர்ப்பு இல்லாததால் வரைவு ஒருமித்த கருத்துடன் ஏற்கப்பட்டதாகத் தலைவர் அறிவித்தார்.

கருத்தொற்றுமை என்பது நல்ல முறை. சிறுபான்மையை வாக்குகளால் நசுக்காமல் காப்பாற்றுகிறது. ஆனால் அறையில் இருப்பவர்களைப் பற்றி விதி எதுவும் இல்லாவிட்டால், யாரால் கடைசி வரை உட்கார முடிகிறதோ அவர்கள் கைக்கு அது போய்விடுகிறது. மாமன்றத்தின் சர்வதேசக் குழுவும் கருத்தொற்றுமையில்தான் இயங்குகிறது. மாமன்றத்தைக் களத்தில் இறங்கும் சக்தியாக மாற்றினாலும் சந்திக்கும் வெளியாகவே வைத்தாலும் இந்த ஓட்டை அடைபடாது.

யார் வருகிறார்கள் என்பது என்ன பேசுகிறார்கள் என்பதையே மாற்றிவிடும். 2004 ஜனவரியில் மும்பை கோரேகாவ் மைதானத்தில் நடந்த மாமன்றத்துக்குத் தலித்துகளும் ஆதிவாசிகளும் பறையும் கொடியுமாகத் திரளாக வந்தார்கள். சாதியமும் மதவாதமும் உலகமயமாக்கலோடு சேர்ந்து முதன்மைக் கருப்பொருள்களாயின. அமைப்பாளர்கள் அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தை வேண்டாம் என்று சொன்னதும் அங்கேதான். மூன்று ஆண்டுகள் கழித்து நைரோபியில் நுழைவுக் கட்டணம் அந்நகரின் ஏழைகளுக்கு எட்டாமல் போய், அவர்கள் வாசலில் போராடித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. 2016-இல் மாண்ட்ரீலில் கூட்டியபோது ஆப்பிரிக்கா போன்ற வளரும் தெற்கு நாடுகளைச் சேர்ந்த பலருக்கு கனடா விசா மறுத்தது. மறுக்கப்பட்டவர்களில் அமினாட்டா திராவோரேயும் ஒருவர். 19 பேர் அறிக்கையில் இருந்த ஒரே பெண்.

அந்தக் கடன் கூட்டத்துக்குப் பிறகு என் அறிக்கைகளில் ஒரு பகுதியைப் புதிதாகச் சேர்த்தேன். ஒவ்வொரு முடிவுக்கும் கீழே, அது எடுக்கப்பட்ட நேரம், அப்போது அறையில் இருந்த அமைப்புகள், எந்தெந்த மொழிகளில் உரைபெயர்ப்பு இருந்தது என்று எழுதுகிறேன். முதலில் அமைப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை. மினிட்ஸ் என்பது குற்றப்பத்திரிகை இல்லை என்று ஒருவர் நேராகவே சொன்னார். ஆனால் விவசாயிகள் சங்கங்களும் வீட்டுப் பணியாளர் சங்கங்களும் அந்தப் பகுதியைத்தான் முதலில் புரட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். நீக்கப்பட்ட நில உரிமை வாக்கியம் அதை வைத்தே அடுத்த கூட்டத்தில் மீண்டும் எழுப்பப்பட்டு வரைவுக்குள் வந்தது.

2020 முதல் மாமன்றத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்ற குரல் மறுபடி வலுத்திருக்கிறது. 2024 பிப்ரவரியில் காத்மாண்டுவில் மாமன்றம் கூடியபோதும் விவாதம் ஓயவில்லை. என்னைக் கேட்டால், போர், காலநிலை, கடன் போன்ற சில விஷயங்களில் மாமன்றம் வாய் திறந்து பேசத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன்பு, உரைபெயர்ப்பு இல்லாத நேரத்தில் எந்த முடிவும் செல்லாது என்றும், வரைவு எல்லா மொழிகளிலும் போய்ச் சேர்ந்து, வர முடியாதவர்கள் பதில் எழுத அவகாசம் கொடுத்த பிறகே அது இறுதியாகும் என்றும் விதி வேண்டும். வருபவர்களின் பயணச் செலவுக்குத் தனி நிதியும் வேண்டும். இதை எழுதி அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலுக்குக் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். குண்டு விழும்போது நாலு மொழியில் அவகாசம் கொடுத்துக்கொண்டிருக்க முடியாது என்பார்கள். அவசரம் உண்மைதான். ஆனால் 2003 பிப்ரவரி 15-க்கான அழைப்பு நாடு நாடாகப் போய், ஒவ்வொரு இயக்கமும் தன் ஆட்களிடம் பேசி ஒப்புக்கொள்ள மூன்று மாதம் எடுத்தது. அந்த மூன்று மாதம் இல்லாவிட்டால் அன்று தெருவில் அத்தனை பேர் இருந்திருக்க மாட்டார்கள். கூட்டத்தில் இதைத்தான் சொல்லப் போகிறேன், உரைபெயர்ப்பாளர்கள் கூண்டில் இருக்கும் நேரத்திலேயே அந்த விவாதத்தை வைக்கச் சொல்லியிருக்கிறேன்.