ஒரே ஒரு "டக்"

சாவியைத் திருப்பினேன். "டக்". அவ்வளவுதான். மறுபடி திருப்பினேன், மறுபடி ஒரு "டக்". காலேஜுக்குக் கிளம்பி முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மகள், "என்னப்பா, வண்டிக்கு விக்கலா?" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரர் கேட்டருகே வந்து நின்று, "பேட்டரி போயிடுச்சு சார்" என்று தீர்ப்புச் சொன்னார். நல்ல மனிதர், உடனே தன் காரைக் கொண்டுவந்து, அதன் பேட்டரியிலிருந்து என் வண்டிக்குக் கரண்ட் கொடுக்க ஜம்பர் கேபிளையும் எடுத்தார். சிவப்பைப் பாசிட்டிவில், கறுப்பை நெகட்டிவில் மாட்டினோம். "டக்". "அப்போ செல்ஃப் மோட்டார்தான்" என்றார், எஞ்சினைச் சுற்றிக் கிளப்பிவிடும் மோட்டாரைச் சொல்லி. பத்தே நிமிஷத்தில் இரண்டு சாமானுக்குக் காரியம் முடிந்துவிட்டது. மகள் பஸ்ஸில் போனாள். நான் லீவு சொல்லிவிட்டு, வோல்டேஜ் அளக்கும் மல்டிமீட்டரைத் தேடினேன்.

இந்தச் சத்தத்தில் இரண்டு வகை உண்டு. "டகடகடக" என்று படபடத்தால் பெரும்பாலும் பேட்டரிதான். செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்சான சாலினாய்டு உள்ளே இழுக்கும், மோட்டாருக்குக் கரண்ட் பாயும், அந்தப் பாரத்தில் வோல்டேஜ் சரியும், சாலினாய்டு விட்டுவிடும், வோல்டேஜ் ஏறியதும் திரும்ப இழுக்கும். ஒரே ஒரு "டக்" என்றால், சாலினாய்டு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது, மோட்டார் மட்டும் சுற்றவில்லை. பேட்டரி முனையில் அழுக்கு, சாலினாய்டுக்குள் தேய்ந்த காண்டாக்ட், மோட்டாருக்குள் தேய்ந்த பிரஷ், மோசமான எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி) என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். இது கல்வெட்டு இல்லை, மாறியும் வரும். ஆனாலும் எங்கே ஆரம்பிப்பது என்பதற்கு உதவும்.

மீட்டர் 12.6 காட்டியது. முழு சார்ஜ். ஆனால் சும்மா இருக்கும் பேட்டரியின் வோல்டேஜை நான் நம்புவதில்லை. ஹெட்லைட் பளிச்சென்று எரிவதையும் அப்படித்தான். இரண்டு பல்புக்கும் சேர்த்துப் பத்து ஆம்பியர் போதும், செல்ஃப் எடுக்க நூறுக்கு மேல் வேண்டும். சாவி திரும்பும் அந்த நேரத்தில்தான் அளக்க வேண்டும், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். அதனால் மகள் திரும்பி வரும்வரை காத்திருந்தேன். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவியை அவளிடம் கொடுத்தேன்.

"திருப்பட்டுமாப்பா?"

"திருப்பு."

"டக்". 11.4. பேட்டரி செத்திருந்தால் இது ஒன்பதுக்கும் கீழே விழுந்திருக்கும், ஹெட்லைட்டும் அணைகிற அளவுக்கு மங்கியிருக்கும். இங்கே லைட் லேசாகத்தான் சுருங்கியது. பேட்டரி கொடுக்கத் தயார், வழியில்தான் எங்கேயோ அடைப்பு.

அடைப்பைத் தேட வயரைக் கழற்ற வேண்டியதில்லை. சாவி திரும்பியிருக்கும்போது ஒரு வயரின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு மீட்டரை வைத்தால் போதும். நல்ல இணைப்பில் கிட்டத்தட்ட சைபர் காட்டும், எங்கே வோல்ட் நிற்கிறதோ அங்கே கோளாறு. பாசிட்டிவ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட் வரை 0.2. சரி. நெகட்டிவ் முனையிலிருந்து பாடி வரை 0.1. அதுவும் சரி. நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கு வைத்தேன்: 6.4!

பாதி வோல்டேஜ் திரும்பும் வழியிலேயே போய்விடுகிறது. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில்தானே உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் வழியே கரண்ட் போகாது. பாடிக்கும் அதற்கும் இடையே ஒரு பின்னல் எர்த் பட்டைதான் பாலம். கியர்பாக்ஸ் பக்கம் கையை விட்டு அதன் முனையைத் தொட்டேன். சுட்டது. நாலைந்து முறை சாவி திருப்பியதற்கே அந்தச் சூடு.

நிச்சயப்படுத்திக்கொள்ள ஜம்பர் கேபிளின் கறுப்பை மட்டும் பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மாட்டினேன். மகள் சாவியைத் திருப்பியதும் ஒன்றுமே நடக்காததுபோல வண்டி ஸ்டார்ட் ஆனது.

அப்போதுதான் காலையில் நடந்தது உறைத்தது. ஜம்ப் செய்யும்போது கறுப்பின் கடைசி முனையை, ஸ்டார்ட் ஆகாத வண்டியின் எஞ்சின் உலோகத்தில் மாட்ட வேண்டும் என்பதுதான் முறை, பேட்டரி பக்கம் பொறி பறக்காமல் இருக்க. அப்படி முறையாகச் செய்திருந்தால் வண்டி உடனே ஸ்டார்ட் ஆகியிருக்கும். நானும் பேட்டரியைக் குறை சொல்லிப் புதுசு வாங்கியிருப்பேன், மறுநாள் காலையும் அதே "டக்" கேட்டிருக்கும். தப்பாக மாட்டியதால் தப்பித்தேன்!

மிச்ச வேலை அரைமணி நேரம்தான். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன். பாசிட்டிவில் முதலில் கைவைத்தால், ஸ்பேனர் பாடியில் பட்டாலே ஷார்ட். பட்டையின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் எண்ணெயும் மண்ணும் துருவும் சேர்ந்து கறுப்புப் பொருக்கு. உப்புத்தாளால் இரண்டு பக்கமும் உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். நெகட்டிவைத் திரும்ப மாட்டி அளந்தால் 0.2. எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் 14.1. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டருக்கும் எர்த் இதே வழிதான். ஒரு மாதமாக ஐடிலில் ஹெட்லைட் துடித்துக்கொண்டிருந்தது, நான்தான் பல்பைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

பட்டையில் சில இழைகள் அறுந்திருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை புதுசு மாற்ற வேண்டும். அதுவரை அந்தக் கறுப்புக் கேபிள் டிக்கியிலேயே இருக்கட்டும் என்று மகள் சொல்லிவிட்டாள். கேபிள் பக்கத்து வீட்டுக்காரருடையது, அதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை.