கடலோர ஏரிக்கு நோய் நிலத்திலிருந்து வருகிறது

ஏரிக்கரையில் பிளாஸ்டிக் பொறுக்கப் போகிறவர்கள் மேல் எனக்கு நிறைய மரியாதை உண்டு, நானும் போவேன். ஆனால் ஒரு கடலோர ஏரி சாகிறது என்றால் பெரும்பாலும் அதைக் கொல்வது கண்ணில் படாத ஒன்று, தண்ணீரில் கரைந்து வருகிற நைட்ரேட், பாஸ்பரஸ் என்ற பயிர்ச்சத்துகள். ஊர் கூடிச் செய்கிற வேலையில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வயலில் போட்ட உரத்தின் மிச்சமும் வீட்டுக் கழிவுநீரும் மழையோடு ஏரிக்குள் இறங்குகின்றன. அந்தச் சத்தில் நுண்பாசி பெருகுகிறது, தண்ணீர் கலங்கிப் பச்சையாகிறது, அடியில் இருக்கும் கடற்புல்லுக்கு வெயில் போய்ச் சேராமல் அது மடிகிறது, மடிந்தது அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனும் தீர்ந்துபோகிறது. கடலோர ஏரிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பெருமழையில் வந்து சேரும் நன்னீர் லேசானது, உப்புநீர் கனமானது, இரண்டும் சட்டென்று கலக்காமல் மேலும் கீழுமாகத் தங்கிவிட்டால் அடியில் இருக்கும் தண்ணீருக்குக் காற்று கிடைக்கவே கிடைக்காது.

ஸ்பெயினில் மார் மெனோர் என்ற உப்பு ஏரியில் இதுதான் நடந்தது. 135 சதுர கிலோமீட்டர் பரப்பு, பக்கத்திலேயே பாசன வயல்கள். 2016இல் ஏரி பச்சையானது, அடியில் இருந்த தாவரங்களில் பெரும்பகுதி அழிந்தது. 2019 செப்டம்பரில் பெருமழை வந்தது, அக்டோபரில் மீனும் இறாலும் மூச்சுக்காகக் கரையோரம் வந்து ஒதுங்கிச் செத்தன. அந்த மாதமே பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். அப்புறம் அவர்கள் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் படுகிறது. முர்சியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியை தெரசா விசென்டே முன்னின்று நடத்த, கொரோனா காலத்திலும் விடாமல் கையெழுத்து வாங்கினார்கள். 5 லட்சம் இருந்தால் நாடாளுமன்றம் எடுத்துப் பேசியாக வேண்டும், 6 லட்சத்துக்கும் மேல் சேர்ந்தது. 2022இல் அந்த ஏரிக்குச் சட்டப்படி ஒரு நபருக்குரிய உரிமை கிடைத்தது, ஐரோப்பாவில் இதுவே முதல் முறை. ஏரிக்காக யார் வேண்டுமானாலும் நீதிமன்றம் போகலாம். 2024இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றமும் இது செல்லும் என்று சொல்லிவிட்டது. சட்டம் வந்ததும் தண்ணீர் தெளிந்துவிடாதுதான், ஆனாலும் கேட்பதற்கு ஆள் இருக்கிறது.

நம் நாட்டிலும் உதாரணம் இருக்கிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியில் இறால் பண்ணைகளை எதிர்த்து மீனவர்கள் 1990களில் போராடினார்கள். 1996இல் உச்ச நீதிமன்றம் இறால் பண்ணை வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளிலிருந்தும் 1000 மீட்டருக்குள் அந்தத் தொழில் கூடாது என்றது. சிலிகாவுக்கு முகத்துவாரப் பிரச்சினையும் இருந்தது, அதாவது ஏரி கடலோடு சேரும் வாயில். மணல் சேர்ந்து கடல்நீர் வரத்துக் குறைந்ததால் உப்பு குறைந்து களை மண்டியது, மீன்பாடும் விழுந்தது. 2000இல் புதிய முகத்துவாரம் வெட்டிய பிறகு மீன்பாடு பல மடங்கு ஏறியது. எந்த முகத்துவாரம் எப்போது அடைபடும் என்பது அங்கே வலை போடுகிறவருக்கு அன்றாடம் தெரிகிற சங்கதி, திட்டம் போடும்போது அவரைக் கூப்பிட்டு உட்கார வைக்காமல் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று எனக்குக் கோபமே வரும்.

சரி, நாலைந்து பேர் சேர்ந்தால் என்ன செய்யலாம்? அளக்கலாம். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று பார்க்க செக்கி தட்டு என்று ஒன்று உண்டு, கறுப்பும் வெள்ளையுமாக 20 சென்டிமீட்டர் வட்டத் தட்டு. கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறதோ அதைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தட்டு இறக்கிப் பார்க்கும் இந்த முறை 1865இலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஃபுளோரிடாவில் லேக்வாட்ச் என்ற திட்டத்தில் 1986 முதல் தன்னார்வலர்கள் இதை வைத்தும் நீர் மாதிரி எடுத்தும் ஏரிகளைக் கண்காணித்து வருகிறார்கள். ஒரு தடவை அளந்த கணக்கால் பெரிதாகப் பயனில்லை, வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் ஒரே முறையில் எடுத்ததைத்தான் அதிகாரிகளால் தள்ள முடியாது. கூடவே உப்பளவு, ஆக்சிஜன், முகத்துவாரம் திறந்திருக்கிறதா அடைந்திருக்கிறதா என்பதையும் தேதியோடு எழுதி வையுங்கள். பெருமழை விட்ட மறுநாளும் அதற்கடுத்த நாட்களும் மட்டும் தவறவே கூடாது, வயலிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் என்ன வந்து சேர்ந்தது என்பது அப்போதுதான் பிடிபடும்.