பாப்பாவின் கழுத்து: கொழிஞ்சாம்பாறை நாட்குறிப்பு

ஜூன் 3, 2025
பள்ளிக்குச் சடை பின்னும்போது பார்த்தேன். பாப்பா தண்ணீர் விழுங்கியதும் கழுத்தின் முன்பக்கம் நெல்லிக்காய் அளவில் ஏதோ மேலே ஏறி இறங்கியது. வலியே இல்லையாம். கழுத்தின் ஓரத்தில் வீங்கியிருக்கும் நெறிகளுக்கு (நிணநீர்க் கணுக்களுக்கு) ஆறு மாதமாக ஒரு கிளினிக்கில் மருந்து வாங்குகிறோம். சளி, சொத்தைப்பல், பேன் என்று ஏதேதோ சொன்னார்கள். ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 14
கோவையில் ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவு வந்தது. பாப்பில்லரி தைராய்டு கேன்சர், அதாவது கழுத்தின் முன்பக்கம் உள்ள தைராய்டு சுரப்பியில் வரும் ஒரு வகைக் கேன்சர். நெறிக்கும் பரவியிருக்கிறது. பிள்ளைகளுக்குத் தைராய்டு கட்டி வருவது குறைவு. வந்தால் அது கேன்சராக இருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிட அதிகம் என்றார் டாக்டரம்மா. சிலருக்கு நுரையீரல் வரைகூடப் போயிருக்குமாம். "அப்படிப் போயிருந்தாலும் பெரும்பாலான பிள்ளைகள் பிழைத்து, வளர்ந்து, குடும்பமாகிவிடுகிறார்கள்" என்றார். கேரள எல்லையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டும்வரை இந்தக் கடைசி வரியையே என் வீட்டுக்காரரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 15
"நம்ம மாட்டுப் பால்ல ஏதாச்சுமா?" அத்தை இரவெல்லாம் தூங்கவில்லை. டாக்டரிடம் போனில் கேட்டேன். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசு வழியாகப் பாலில் இறங்கி, அதைக் குடித்த பிள்ளைகளுக்குத்தான் இந்த நோய் வந்தது. இங்கே அப்படி எதுவும் இல்லை, பெரும்பாலும் காரணமே தெரியாது என்றார். அதை அப்படியே சொன்னதும் அத்தை எழுந்துபோய் மாட்டுக்குத் தீனி வைத்தார்.

ஜூலை 1
தைராய்டு முழுவதையும், நெறிகளையும் எடுத்து இன்றோடு மூன்று நாள். "உதட்டுல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும்மா" என்றாள். நான் பதறி நர்ஸைக் கூப்பிட்டேன். தைராய்டின் பின்னால் அரிசி அளவில் ஒட்டியிருக்கும் நான்கு சுரப்பிகள்தான் கால்சியத்தைக் கவனிக்கின்றன. அவை அயர்ந்துபோனதால் வந்தது. கால்சியம் ஏற்றினார்கள், அடங்கியது. குரல் கொஞ்சம் கரகரக்கிறது.

செப்டம்பர் 5
இன்று திருவோணம். அயோடின் சிகிச்சைக்காக இரண்டு வாரப் பத்தியம்: அயோடின் உப்பு, கடல் மீன், மஞ்சள் கரு, பால் எதுவும் கூடாது. எஞ்சிய தைராய்டு செல்களை அயோடினுக்கு ஏங்க வைத்தால்தான் கொடுக்கப்போகும் கதிரியக்க அயோடினை அவை இழுத்துக்கொண்டு அழியும். செர்னோபில் பாலில் இருந்த அதே அயோடின்-131தான் மருந்தாம். அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. தேங்காய்ப்பாலில் பாயசம் வைத்தோம். இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

செப்டம்பர் 12
மருந்தை விழுங்கி, தனி அறையில் இருந்துவிட்டு வந்திருக்கிறாள். உடம்பில் கதிர்வீச்சு மிச்சமிருப்பதால் இன்னும் சில நாள் தள்ளியே இருக்க வேண்டும். வாசல் திண்ணையிலிருந்து பேசுகிறேன்.

அக்டோபர் 2
எடுத்துவிட்ட தைராய்டு சுரக்கும் ஹார்மோனுக்குப் பதிலாகத் தைராக்ஸின் மாத்திரை இனி ஆயுளுக்கும். காலை ஐந்தரைக்கு வெறும் வயிற்றில் போடுகிறாள். பால், கால்சியம் மாத்திரை எல்லாம் நான்கு மணி நேரம் கழித்துத்தான். அதனால் அத்தை காலைப் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு, சாயங்காலம் கறப்பதில் ஒரு டம்ளரை அவளுக்கென்று எடுத்து வைக்கிறார்.