பாதி பார்த்தால் போதும்

நகரத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் பார்க்க வேண்டிய இடங்கள் என்று யாராவது ஒரு பட்டியலைத் தந்துவிட்டால், அதை ஒரே நாளில் முடித்துவிட வேண்டும் என்ற வெறி எனக்கு நெடுநாள் இருந்தது. காலையில் விலங்குக் காட்சிசாலை, பதினொரு மணிக்கு அருங்காட்சியகம், இரண்டு மணிக்குக் கோளரங்கம், பொழுது சாய்வதற்குள் நகரம் முழுவதும் தெரியும் ஓர் உச்சி மாடம் என்று ஒருமுறை நான் வகுத்த திட்டம், மூன்றாவது இடத்தின் வாசலிலேயே முடிந்துபோனது. காட்சி தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடமாட்டார்கள் என்பது நுழைவுச்சீட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நாங்கள் நான்கு நிமிடம் தாமதமாகப் போயிருந்தோம். ஆறு வயது மகள் அழுதாள், மூன்று வயது மகன் என் மனைவியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். படிக்கட்டில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த என் அம்மா, "பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியாடா ஊர் சுற்றுவது?" என்று கேட்டார்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நாளைக்கு ஓர் இடம் என்று வைத்துக்கொண்டோம். அந்த ஓர் இடத்திலும் பாதியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும் என்பது அடுத்த சில ஊர் சுற்றல்களில் தெரிந்துகொண்டது.

அருங்காட்சியகத்தில் வரும் களைப்பு சோம்பேறித்தனம் அல்ல. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலாளராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916-ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிகளைப் பார்ப்பதற்கு ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிய, குந்த, எட்டிப்பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை அவர் புகைப்படங்களாக எடுத்துக் காட்டினார். பொருட்களை அடுக்கிவைத்த முறையே பார்ப்பவரின் முதுகை ஒடிக்கிறது என்பதுதான் அவருடைய வாதம். பெரியவர்களுக்கே அப்படி என்றால், ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் உயரமுள்ள ஐந்து வயதுக் குழந்தையின் நிலையை எண்ணிப் பாருங்கள். ஒருமுறை நாணயக் கூடத்தில் என் மகன் அலுத்துப்போய்ச் சிணுங்கியபோது, நானும் அவனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். என் கண்ணுக்குத் தெரிந்தவை மரப்பெட்டியின் பக்கவாட்டுப் பலகை, ஒரு பூட்டு, கண்ணாடியில் பிரதிபலித்த குழல் விளக்கு ஆகியவை மட்டுமே. அவன் முக்கால் மணி நேரமாக அந்தப் பூட்டுகளைத்தான் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறான். இப்போதெல்லாம் தரையோடு நிற்கும் பெரிய பொருட்கள் உள்ள கூடங்களாகத் தேர்ந்தெடுக்கிறோம்: எலும்புக்கூடு, படகு, பழைய ரயில் எஞ்சின், கற்சிலை. ஒரு மணி நேரம் ஆனதும் வெளியே வந்துவிடுகிறோம்.

விலங்குக் காட்சிசாலையைப் பொறுத்தவரை எந்த இடம் என்பதைவிட எந்த நேரம் என்பது முக்கியம். சிங்கம் ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடப் படுத்துக் கிடக்கும் பிராணி. உச்சிவெயிலில் போய் நின்று, அது எழவில்லையே என்று குறைபட்டுக்கொள்வதில் நியாயமில்லை. கதவு திறக்கும் நேரத்திலேயே நுழைந்து, பெரிய பூனைகளையும் குரங்குகளையும் முதலில் பார்த்துவிட்டு, வெயில் ஏறிய பின் ஊர்வன இருக்கும் கூரையிட்ட பகுதிக்குப் போவது எங்கள் வழக்கம். தீனி வைக்கும் நேரத்தை வாசலிலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

கம்பிகளுக்குப் பின்னால் நிற்கும் விலங்குகளைக் காட்டிப் பிள்ளைகளிடம் மகிழ்ச்சியாகப் பேச எனக்கு மனம் வருவதில்லை. கம்பிக்குப் பதிலாக அகழி தோண்டி, விலங்குகள் திறந்தவெளியில் நிற்பதுபோல் அமைக்கும் முறையை ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரையொட்டி 1907-இல் விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். எந்த விலங்கு எவ்வளவு தூரம் தாவும் என்று கணக்கிட்டு அகழியின் அகலத்தை அமைத்தவர் அவர். அதே மனிதர்தான் அதற்கு முன்பு வேற்று நாட்டு மக்களை அழைத்துவந்து விலங்குகளைப் போலவே காட்சிக்கு வைத்துப் பணம் பார்த்தவர் என்பதையும், மகள் இன்னும் சற்று வளர்ந்ததும் சொல்லத்தான் வேண்டும். அகழி வந்தபின் பிள்ளைகளின் கேள்வியும் மாறிவிடுகிறது. கூண்டைப் பார்த்தால் "கடிக்குமா?" என்பார்கள், அகழியைப் பார்த்தால் "தாண்டி வந்துவிடுமா?" என்பார்கள். இரண்டாவது கேள்விக்கு என்னால் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல முடிகிறது.

கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றி எனக்குச் சொல்ல அதிகமில்லை. வரிசையில் நிற்பதே அங்கே முக்கால் பங்கு. உயரம் அளக்கும் பலகை ஒன்று ஒவ்வொரு இராட்டினத்தின் வாசலிலும் இருக்கும். வீட்டிலேயே பிள்ளையின் உயரத்தை அளந்துகொண்டு போனால், நாற்பது நிமிடம் காத்திருந்த பிறகு வரும் அழுகையைத் தவிர்க்கலாம்.

எங்களை வெளியே நிறுத்திய கோளரங்கத்துக்கு மறுபடியும் போனோம், இம்முறை அரைமணி நேரம் முன்னதாக. வளைந்த கூரையில் விண்மீன்களை ஒளியால் எழுதும் கருவி, ஜெர்மனியின் சைஸ் நிறுவனம் உருவாக்கி 1923-இல் மியூனிக்கில் முதன்முதலாகக் காட்டப்பட்டது. அது நூறாண்டைத் தாண்டிவிட்டாலும், விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும்போது கூட்டத்திலிருந்து எழும் அந்தப் பெருமூச்சு இன்னும் பழசாகவில்லை. மகனுக்கு இருட்டு பயம் என்பதால் கதவோரத்தில் உட்கார்ந்தோம். அம்மாவுக்குச் சாய்வு நாற்காலி பிடித்துப்போய், காட்சி முழுவதும் நன்றாகத் தூங்கினார்.

உச்சி மாடங்களுக்கு மாலையில் போக வேண்டும். 100 மீட்டர் உயரத்தில் நின்றால், மறைப்பு எதுவும் இல்லாத சமதரையில் அடிவானம் ஏறத்தாழ 36 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும். நடுப்பகலில் அந்தத் தொலைவு முழுவதும் வெள்ளை மூட்டமாகத்தான் தெரியும். சூரியன் சாயும்போது கட்டடங்களின் நிழல் நீண்டு, தெருக்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியத் தொடங்கும்.

எல்லாவற்றிலும் எங்கள் குடும்பத்துக்குப் பிடித்த இடம் அறிவியல் மையம்தான். தொடாதே என்ற பலகை இல்லாத காட்சிக்கூடம் என்பதே ஒரு பெரிய விடுதலை. அந்த வகை மையங்களில் பெரும் புகழ் பெற்றது, இயற்பியலாளர் பிராங்க் ஓப்பன்ஹைமர் 1969-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய எக்ஸ்ப்ளோரட்டோரியம். அதன் வழியைப் பின்பற்றிய கூடங்கள் இன்று உலகில் எத்தனையோ நகரங்களில் இருக்கின்றன.

நாங்கள் போன மையத்தின் நுழைவுக்கூடத்தில் ஃபூக்கோ ஊசல் ஒன்று தொங்கியது. பிரெஞ்சு இயற்பியலாளர் லியோன் ஃபூக்கோ 1851-இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ எடையுள்ள குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை ஊர் மக்களின் கண்ணுக்கு முன்னாலேயே காட்டினார். ஊசல் தன் போக்கில் ஆடிக்கொண்டிருக்க, கீழே தரைதான் திரும்புகிறது. நம் கண்ணுக்கு ஊசல் ஆடும் திசை திரும்புவதுபோல் தெரியும். துருவத்தில் அது ஏறத்தாழ ஒரு நாளில் முழுவட்டம் சுற்றிவிடும். பாரிஸில் சுமார் 32 மணி நேரம் ஆகும். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க அது மெதுவாகி, கோட்டின் மேல் சுற்றாமலே போய்விடும். குண்டைச் சுற்றி வட்டமாகச் சிறு முளைகளை நிறுத்தியிருந்தார்கள். நேரம் போகப்போக ஒவ்வொன்றாக அது தட்டிவிடும்.

விழுந்து கிடந்த முளைகளை எண்ணிய மகள், அடுத்தது எப்போது விழும் என்று கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்றுவிட்டாள். குண்டின் அடியிலிருந்த ஊசிமுனை ஒவ்வொரு ஆட்டத்திலும் முளையை நூலிழையில் தவறவிட்டது. பத்து நிமிடம் போயிற்று. மனைவி மகனை மேல்மாடிக்குக் கூட்டிப்போய்த் திரும்பியும் வந்துவிட்டாள். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் ஊசி முளையை உரசியது. முளை ஆடியது, ஆனால் விழவில்லை. அடுத்த ஆட்டத்தில் இன்னொரு உரசல். மூன்றாவது முறை, சத்தமே இல்லாமல் சாய்ந்தது. கைதட்டியவர்கள் என் மகளும் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் அம்மாவும்தான்.

ஒளியியல் கூடத்தையும் ஒலிக் கூடத்தையும் அன்று நாங்கள் பார்க்கவே இல்லை. இரவு படுக்கையில் மகள் கேட்டாள்: "அப்பா, இப்போ யாருமே இல்லாதபோதும் அது ஆடிக்கொண்டிருக்குமா?" அடியில் மின்காந்தம் தள்ளிக்கொண்டே இருப்பதால் ஆடும் என்றேன். "அப்படியானால் இந்நேரம் இன்னும் ஐந்து விழுந்திருக்கும்" என்று விரல்விட்டு எண்ணிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.