மாஸ்டர் அள்ளிய தண்ணீர்

காலைப் பிரார்த்தனையில் வீபூதித் தட்டு வரிசை வரிசையாக வரும். எங்கள் தாவரவியல் மாஸ்டர் மட்டும் பூசாமல் அடுத்தவரிடம் கொடுத்துவிடுவார். ஆனால் தேவாரம் முடியும்வரை அசையாமல் நிற்பார். பின்னால் நின்று கதைத்த எங்களை ஒருநாள் கண்டித்ததும் அவர்தான். "பாடுற பிள்ளையளுக்கு இடைஞ்சல் குடுக்காதையுங்கோ."

அவர் யாழ். மத்திய கல்லூரியில் ஆபிரகாம் கோவூரிடம் படித்தவர். திருவல்லாவில் கிறிஸ்தவ மதகுரு ஒருவரின் மகனாகப் பிறந்து, 1928இல் யாழ்ப்பாணத்துக்குப் படிப்பிக்க வந்தவர் கோவூர். மோசடிக்கு இடமில்லாமல் ஓர் அற்புதத்தைச் செய்துகாட்டினால் இலட்சம் ரூபா தருவதாக 1963இல் அவர் விட்ட சவால் ஊரெல்லாம் தெரியும். மாஸ்டர் அதைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. நுணுக்குக்காட்டியில் இலையை வைத்துவிட்டு, "தெரியிறதை எழுது. தெரியாட்டித் தெரியேல்லை எண்டு எழுது" என்பார். அவருடைய பகுத்தறிவுப் பாடம் எங்களுக்கு அவ்வளவுதான்.

1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தபோது எங்கள் ஊரிலும் அந்தப் பேச்சு எழுந்தது. சாதி பார்த்து மறிப்பது குற்றம் என்று 1957இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் ஊர்க் கோயிலின் வாசலும் கிணறும் ஒடுக்கப்பட்ட சாதிச் சனத்துக்குத் திறக்கவில்லை. திருவிழா அன்று, உச்சி வெயிலில், வெளிவீதியில் குந்தியிருந்த சனத்தோடு மாஸ்டரும் இருந்தார். வாசலை மறித்து நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். கந்தசஷ்டி ஆறு நாளும் தண்ணீரோடு விரதம் காத்தவர், கடன்பட்டும் அன்னதானம் கொடுத்தவர். அவரைக் கெட்ட மனிதர் என்று இன்றைக்கும் என்னால் எழுத முடியாது.

ஒரு ஆச்சி மயங்கிச் சரிந்தா. மாஸ்டர் எழும்பிக் கோயில் கிணற்றடிக்குப் போனார். அவருடைய சாதிக்கு அங்கே அள்ளலாம். அள்ளி வந்து ஆச்சியின் கையில் வார்த்தார். பிறகு வாளியை அந்தச் சனத்தின் நடுவில் வைத்தார். எல்லோரும் குடித்தார்கள். வாளி தீட்டுப்பட்டுப் போச்சென்று உள்ளிருந்து யாரோ கத்தினார்கள். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்த நாள் ஆய்வுகூடத்தில் கேட்டேன். "சேர், நீங்கள் கும்பிடுறேல்லையே, ஏன் அங்க போனனீங்கள்?"

"நான் கும்பிடுறேல்லைத்தான் தம்பி. அவை கும்பிட ஆசைப்படுகினம். மறிக்க நாங்கள் ஆர்?"

அன்றைக்கே என் நம்பிக்கை உடைந்தது என்று சொன்னால் பொய். மெல்ல மெல்லக் கரைந்தது. இப்போது லண்டனில் அப்பாவின் திவசத்துக்கு வீபூதி பூசுகிறேன். கடவுள் உண்டோ என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், மாஸ்டர் எழுதச் சொன்னதைத்தான் சொல்கிறேன்: தெரியவில்லை. ஆனால் அந்த வாளியை வைத்தது சரியா என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அப்பா அந்த நாளைப் பற்றி என்னோடு கதைத்ததே இல்லை. கிரியை எதுவும் இல்லாமல் மாஸ்டரை எடுத்துக்கொண்டு போனபோது, சுடலைவரை பின்னால் நடந்து போனவராம். அம்மா கடிதத்தில் எழுதியிருந்தா.