கப்பல் வந்தால் யார் கேட்பது?

அடுத்த மாதம் நாகசாகி போகிறேன். அணுவாயுத ஒழிப்பு பற்றிய சர்வதேச மாணவர் மாநாடு. ஒவ்வொருவரும் தங்கள் ஊர், நாடு சார்ந்து சின்னக் கட்டுரை ஒன்று வாசிக்க வேண்டும். விசயத்தைச் சொன்னதும் அம்மா கேட்டார், "எங்கட நாட்டில குண்டு ஒண்டும் இல்லையே பிள்ளை, நீ அங்க போய் என்னத்தைக் கதைக்கப் போறாய்?" திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் கொழும்புக்குப் போனது, வங்கிக் கடிதம், விசாப் படிவம் எல்லாம் ஒருபடியாக முடிந்துவிட்டன, அம்மாவின் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் இன்னும் முடியவில்லை.

கதைக்க நிறைய இருக்கிறது என்பது வாசிக்க வாசிக்கத்தான் தெரிகிறது. இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக அறிவிக்கும் தீர்மானம் 1971இல் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது இலங்கையின் முயற்சியால். அணுவாயுதப் பரவல் தடுப்பு ஒப்பந்தத்தைக் காலவரையறை இல்லாமல் நீடித்த 1995ஆம் ஆண்டு மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் நம் நாட்டு இராஜதந்திரி ஜயந்த தனபால. அடுத்த வருடம் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றித் தன் ஆலோசனைக் கருத்தைச் சொன்னபோது, நாட்டின் இருப்பே ஆபத்தில் இருக்கும் நிலையில் அதைப் பயன்படுத்துவது சட்டபூர்வமா இல்லையா என்று முடிவு சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த நீதிமன்றத்தில் இருந்த நம் நீதியரசர் வீரமந்திரி அதை ஏற்கவில்லை, எந்தச் சூழ்நிலையிலும் சட்டவிரோதம்தான் என்று நீண்ட மறுப்புரை எழுதினார். அதை அச்செடுத்து வைத்து வாசிக்கிறேன். அளவுக்கு மீறி அழிக்கும் ஆயுதத்தை நம் மரபும் விலக்கியது என்று காட்ட, அர்ச்சுனன் சிவன் தந்த பாசுபதாஸ்திரத்தை எய்யாமல் விட்டதை அதில் எடுத்துச் சொல்கிறார். கோணேசர் கோயில் அடிவாரத்தில் வளர்ந்த எனக்கு ஹேக் நகரத்து நீதிமன்ற ஆவணத்தில் பாசுபதத்தைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது.

ஆனால் நான் பேசப்போவது எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி.

2023 செப்டெம்பரில் இலங்கை அணுவாயுதத் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2017இல் 122 நாடுகள் வாக்களித்து நிறைவேற்றி, 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் அது. முதலாம் உறுப்புரையின்படி வேறொருவரின் அணுவாயுதத்தை நம் எல்லைக்குள் நிறுத்திவைக்க இடம் கொடுக்கக் கூடாது. சரி, ஆயுதத்தோடு ஒரு நீர்மூழ்கி இரண்டு நாள் நல்லெண்ணப் பயணமாக வந்து தங்கிப் போனால்? கடந்து போவது பற்றி ஒப்பந்தத்தில் தனியாக ஒரு சொல்லும் இல்லை. பேச்சுவார்த்தையின்போது சில நாடுகள் சேர்க்கச் சொல்லியும் சேர்க்கவில்லை. கப்பலில் அணுவாயுதம் இருக்கிறதா என்று கேட்டால் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்வதில்லை என்பது அமெரிக்கா நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கும் கொள்கை. நேர்மையாகச் சொன்னால், 1991க்குப் பிறகு அவர்களின் மேற்பரப்புக் கப்பல்களிலிருந்து அணுவாயுதங்களை இறக்கிவிட்டார்கள், ஆகவே இன்றைய கவலை பெரும்பாலும் நீர்மூழ்கிகள்தான். இந்தியாவின் அணுவாயுத நீர்மூழ்கியான அரிஹந்த் தன் முதல் ரோந்தை முடித்துவிட்டதாக 2018 நவம்பரில் அறிவித்தார்கள். நாங்கள் பின்னேரத்தில் கால் நனைக்கிற கடலும் வங்காள விரிகுடாதானே.

இதற்கு ஜப்பானிலேயே ஒரு முன்மாதிரி இருக்கிறது. 1975இல் கோபே நகரசபை ஒரு தீர்மானம் போட்டது: தங்கள் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் போர்க்கப்பல் அணுவாயுதம் இல்லை என்று எழுத்தில் தர வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் அந்தத் துறைமுகப் பக்கமே வரவில்லை. ஒரு நகரசபையால் இது முடிந்ததற்குக் காரணம், ஜப்பானில் துறைமுகத்தை நிர்வகிப்பது உள்ளூராட்சி அமைப்புகள். இங்கே துறைமுகமும் கடற்படைத் தளமும் கொழும்பின் கையில். உட்துறைமுக வீதியில் நின்று சாம்பல் நிறக் கப்பலைப் படம் எடுக்கிற எங்களுக்கு அதைப் பற்றிக் கேட்கும் அதிகாரம் இல்லை. ஆக, கேட்க வேண்டியது பாராளுமன்றம், வெளிவிவகார அமைச்சு. கேட்கச் சொல்லி அவர்களை நெருக்க வேண்டியது நாங்கள்.

இது ஊருக்குப் புதிய கவலையும் இல்லை. பிரித்தானியக் கடற்படை இங்கே இருந்தபடியால்தான் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்டன. பக்கத்துச் சீனன்குடாவில் அந்தக் கடற்படைக்காகக் கட்டிய எண்ணெய்க் குதங்கள் இன்னும் காட்டுக்குள் நிற்கின்றன. நாகசாகியும் துறைமுகம்தான், போர்க்கப்பல் கட்டிய ஊர். 1945 ஆகஸ்ட் 9இல் போட்ட ஒரே குண்டில் அந்த வருடம் முடிவதற்குள் ஏறக்குறைய 74,000 பேர் இறந்துபோனார்கள். அந்த ஊர் மக்களுக்கு முன்னால் நின்று என் ஊரைப் பற்றிச் சொல்லப் போகிறேன் என்று நினைக்கும்போது பயமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

பேச்சுக்கு ஏழு நிமிடம் தருகிறார்கள். டச்சு பே கடற்கரையில் தோழி கைபேசியில் நேரம் பார்க்க, நான் சத்தமாக வாசித்துப் பார்க்கிறேன், காற்றில் தாள் பறக்கிறது, ஒவ்வொரு முறையும் வீரமந்திரி பகுதியில்தான் நேரம் போய்விடுகிறது. "அதைக் குறையடி" என்கிறாள். பாசுபதத்தை விட எனக்கு மனமில்லை, 1971 பகுதியைத்தான் வெட்டலாம் என்றிருக்கிறேன்.

அம்மாவுக்கு நேற்றிரவு கோபே கதையைச் சொன்னேன். புட்டு அவித்துக்கொண்டே கேட்டவர், "அப்ப இஞ்ச வாற கப்பலிட்ட ஒருத்தரும் கேக்கிறேல்லையா?" என்றார். அந்தக் கேள்வியையே கட்டுரையின் முதல் வரியாக வைத்துவிட்டேன். துறைமுகத்தில் வேலை செய்பவர்கள் யாராவது இதை வாசித்தால், வெளிநாட்டுப் போர்க்கப்பல் வரும்போது என்னென்ன பத்திரங்கள் கேட்கிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள், போவதற்கு முன் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.